குறை சொல்லாத விருந்தாளிகள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் உங்கள் தம்பியும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகளை ஓடவிட்டு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து விசில் மட்டும் ஊதுங்கள். விளையாட்டு டீச்சரும் கூடவே ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இதைப் பள்ளிக்கூட முகவரிக்கு ஏன் அனுப்புகிறேன் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் சித்தி இருக்கிறார். நான் பேச வேண்டியதோ சித்தியைப் பற்றி.

நேற்று சித்தப்பா போன் செய்தார். இரண்டு கண்ணிலும் புரையாம், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷனாம். பிப்ரவரியில் பரிசோதனை, மார்ச்சில் ஒரு கண், ஏப்ரலில் இன்னொரு கண். உங்கள் தம்பி பின்னறையைத் தயார் செய்ய அப்போதே எழுந்துவிட்டார். அதற்குள் சித்தி போனை வாங்கி, “ஆஸ்பத்திரி பக்கத்துலயே லாட்ஜ் பார்த்தாச்சுப்பா. வர்றப்ப ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு உங்க வீட்டுக்கு வர்றோம், போதும்” என்று சொல்லி வைத்துவிட்டார். உங்கள் தம்பியின் முகம் தொங்கிப்போய்விட்டது.

அம்மா அப்பா போன பிறகு உங்கள் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவர்கள், அதே ஊரில் லாட்ஜில் படுப்பதும், எங்கள் வீட்டு அறை காலியாகக் கிடப்பதும் என்ன நியாயம்? வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, உங்கள் தம்பி ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு பிறகுதான் அவர்களுக்குச் சொன்னார். மூன்று வருஷமாக அவர்கள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. முறைப்படி நான் அத்தை, மாமா என்று கூப்பிட வேண்டும். அந்த உரிமை இன்னும் வரவில்லை, அதனால் நீங்கள் கூப்பிடுகிற மாதிரியே சித்தி, சித்தப்பா என்று எழுதுகிறேன்.

என் ஆசை இதுதான்: ஏப்ரல் முடிவதற்குள் அவர்கள் லாட்ஜைவிட்டு எங்கள் பின்னறைக்கு வந்துவிட வேண்டும். அதற்கு என் கையில் இருப்பது மூன்று சாப்பாடு. நானோ பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவள். பழைய ருசி எதுவும் தெரியாது. நீங்கள்தான் கரை சேர்க்க வேண்டும்.

உங்களையே நம்பியிருக்கும்,
வர்ணம் (நீங்கள் வைத்த பெயர்தான்)


ஜனவரி 20

அருமை வர்ணத்துக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நான் உட்கார்ந்தால் பிள்ளைகளும் உட்கார்ந்துவிடும். நீங்கள் இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நன்றாகக் கேட்டுக்கொள். குக்கர் சோறு கூடாது, வடித்த சோறுதான். குழையவும் கூடாது, விறைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்தது எதுவும் சித்தி வாய்க்குள் போகாது. காலையில் வைத்ததை ராத்திரி சூடு பண்ணிப் போடலாம் என்று கனவிலும் நினைக்காதே, மூக்கே கண்டுபிடித்துவிடும். சித்தப்பாவுக்குக் கீரை கட்டாயம் வேண்டும், அதுவும் கடைந்த கீரை. மிக்ஸியில் அரைத்தால் அது கீரை இல்லை, பச்சைத் தண்ணீர். பருப்பில் பூண்டைத் தட்டிப் போடு, நறுக்காதே. புது மாதிரி, பத்திரிகையில் பார்த்த மாதிரி எதுவும் வேண்டாம். அதற்கெல்லாம் நீ என்னைக் கூப்பிடு, நான் வந்து சாப்பிடுகிறேன்.

இன்னொன்று. சாப்பிட்டு முடித்ததும், எப்படி இருந்தது என்று கேட்காதே. அவர்களாக என்ன சொல்கிறார்களோ அதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது.

தம்பியைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணி


பிப்ரவரி 11

அன்பு அண்ணிக்கு,

சுகம், சுகம், பரம சுகம்! உங்கள் காலில் விழ வேண்டும் போலிருக்கிறது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒத்திகை பார்த்ததில் எத்தனை முறை சோற்றைக் குழைத்தேன் என்று கேட்காதீர்கள். கடையில் ஒரு நிறத்தைக் கலக்கினால் அட்டையில் தொட்டு வைத்து, காய்ந்த பிறகு பார்த்துத்தான் டப்பாவை மூடுவோம். அதே மாதிரி ஒவ்வொரு பதார்த்தத்தையும் உங்கள் தம்பிக்குக் கொடுத்துப் பார்த்தேன். “சித்தி கை மாதிரி இல்ல” என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், கடைசியில் “கிட்ட வந்துட்டே” என்றார்.

வந்தார்கள். சித்தி அறைக்குள் நுழைந்ததுமே இடம் சின்னதாகிவிட்டது போல இருந்தது, அப்படி ஒரு நிமிர்வு. சாப்பிடும்போது ஒரு பருக்கை சிந்தவில்லை. சித்தப்பாவுக்கு எது முதலில், எது பிறகு என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார். நான் பரிமாறுவதை மறந்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: “எல்லாமே ரொம்ப நல்லா இருக்கும்மா. நீங்க ரொம்ப நல்லா சமைக்கிறீங்க.” கீரை? “பிரமாதம்.” பருப்பு? “அருமை.” ஒரு குறை சொல்லவில்லை, அண்ணி! கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவர் என்று உங்கள் தம்பி என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார். தங்கமானவர்.

அவர்கள் போன பிறகு உங்கள் தம்பி பாத்திரம் தேய்த்தார். ஒரு பேச்சும் இல்லை. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலையில் பகலெல்லாம் மாடி ஏறி இறங்கிய களைப்பு போலிருக்கிறது.

உங்கள் வீட்டு அண்ணனையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பூரிப்புடன்,
வர்ணம்


பிப்ரவரி 22

வர்ணத்துக்கு,

எல்லோரும் நலம். விளையாட்டு விழா வருவதால் தொண்டை கட்டிவிட்டது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அடுத்த முறை மீன் செய். முள் குறைந்ததாக வாங்கு. சித்தப்பாவுக்கு அப்போது ஒரு கண்ணில் கட்டு இருக்கும், இன்னொரு கண்ணில் புரை, பாவம், முள் எடுக்கத் தெரியாது. புளி அதிகம் வேண்டாம். மோர் புளிக்காமல் இருக்கட்டும்.

லாட்ஜ் அறையில் கொசு என்று சித்தப்பா சொன்னார். சித்தி அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

தொண்டை சரியாகிவிட்டதா? வெந்நீர் குடியுங்கள்.

சித்தப்பாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது நாள் ராத்திரி சாப்பிட வந்தார்கள். மீன், பூசணிக்காய், மோர். அன்றைக்குச் சித்தி செய்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சித்தப்பாவுக்குத் தட்டு சரியாகத் தெரியவில்லை, தடவிக்கொண்டிருந்தார். நான் ஊட்டிவிடலாமா என்று நினைத்தேன். சித்தி தட்டைக் கடிகாரமாக்கிவிட்டார். “பன்னெண்டு மணியில மீன். மூணு மணியில பூசணிக்காய். உங்க பக்கம் ஆறு மணியில சோறு.” அவ்வளவுதான். மனிதர் யார் தயவும் இல்லாமல் ராஜா மாதிரி சாப்பிட்டார். “ஒன்பது மணி காலியா இருக்கே” என்று கேலி வேறு. எங்கள் மேஜையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், அண்ணி. ஒருவருடைய மானத்தையும் பசியையும் சேர்த்தே பார்த்துக்கொள்ள இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்தத் தடவையும், “ரொம்ப நல்லா இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல.” அந்த தைரியத்தில் நான் வாயைத் திறந்தேன்: “பின்னறை காத்தோட்டமா இருக்கு. இங்கேயே தங்கிடுங்களேன்.” சித்தி சிரித்துக்கொண்டே, “உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? நீங்க கூப்பிட்டதே போதும்” என்று செருப்பை மாட்டிக்கொண்டார். உங்கள் தம்பி ஆட்டோ பிடிக்கப் போனவர், அவர்களை ஏற்றிவிட்ட பிறகும் ரொம்ப நேரம் தெருவிலேயே நின்றார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. சமையல் பிடித்திருக்கிறது, என்னையும் பிடித்திருக்கிறது. பிறகு ஏன் தங்கமாட்டேன் என்கிறார்? இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன தடவை அவ்வளவு பாராட்டு வாங்கியதை எழுதினேன். நீங்கள் மீனைப் பற்றி எழுதினீர்கள், கொசுவைப் பற்றி எழுதினீர்கள். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

வர்ணம்


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? பதிலே இல்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அவர்கள் மறுபடி வர அதிக நாள் இல்லை.

வர்ணம்


ஏப்ரல் 6

என் செல்ல வர்ணத்துக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனது நான்தான். உன் சந்தோஷத்தில் மண்ணைப் போட மனசு வரவில்லை. ஆனால் நீயே கேட்டுவிட்டாய்.

எங்கள் சித்தி வீட்டு மனிதர்களைப் பாராட்ட மாட்டாள். அவள் பாராட்டுவது வெளியாட்களை.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்து ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் மூன்றாவது. சித்தி அவளைக் கட்டிப்பிடித்து, “அருமையா ஓடினேம்மா” என்றாள். என்னிடம் திரும்பி, “கடைசித் திருப்பத்துல எதுக்கு திரும்பிப் பார்த்தே?” என்றாள். உன் அண்ணன் கல்யாணமான புதிதில் பழம் வாங்கிக்கொண்டு வருவார். “ரொம்ப நல்ல பழம் மாப்பிள்ளை” என்பாள். ஒரு வருஷம் இப்படியே ஓடிற்று. ஒருநாள் பழத்தை வெட்டிப் பார்த்துவிட்டு, “இது பழமா, பூசணிக்காயா? கண்ணை எங்க வெச்சுக்கிட்டு வாங்கினீங்க?” என்று கத்தினாள். உன் அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில், வர்ணம். அன்றைக்குத்தான் அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை ஆனார்.

இது தம்பிக்கும் தெரியும். அவன் ஏன் பேசாமல் பாத்திரம் தேய்த்தான் என்று இப்போது புரிகிறதா? உன்னை ‘நீங்க’ என்கிறாள். வயதில் சின்னவளை, மருமகளை!

முதலிலேயே சொல்லியிருந்தால் நீ அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு. இதற்கு மருந்து எதுவும் எனக்குத் தெரியாது. அவளாக மனசு மாற வேண்டும்.

உன் அண்ணி


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

நான் நலமாக இல்லை, கொதித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மேல் கால்பங்கு, உங்கள் தம்பி மேல் முக்கால்பங்கு. “உன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வாய் வரல” என்கிறார். அக்காவும் தம்பியும் நன்றாகத்தான் சேர்ந்திருக்கிறீர்கள்!

அவராக மனசு மாறும் வரை நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கமாட்டேன். திட்டினால்தான் வீட்டு மனுஷி என்றால், திட்டாமல் போகவே முடியாத ஒரு சாப்பாடு போடுகிறேன். பார்க்கலாம்.

வர்ணம்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்கும் உங்களுக்கும் வணக்கம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் என்னோடு பேசாமல் போனாலும் போகலாம்.

இரண்டாவது கண்ணும் நல்லபடியாக முடிந்தது. நேற்று ராத்திரி வந்தார்கள். மீனில் கைகொள்ளாமல் உப்பை அள்ளிப் போட்டேன். சித்தப்பா நோயாளி, அவருக்கு மட்டும் தனியாக நல்லதை எடுத்து வைத்திருந்தேன். மற்ற மூன்று பேருக்கும் அதே உப்பு மீன். உங்கள் தம்பி ஒரு வாய் வைத்ததும் கண்கள் பிதுங்கின. மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

சித்தி சாப்பிட்டார். முகம் அசையவில்லை. கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தண்ணீரைக்கூட அவசரப்பட்டு எடுக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, “மீன் ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை, அண்ணி. என்னை அறியாமல் கத்திவிட்டேன். “அத்தை! அது மீனா? அது உப்பளம்! நான் வேணும்னேதான் போட்டேன். இதுக்குக்கூட நீங்க திட்டலைன்னா நான் வேற என்னதான் பண்றது? மூணு வருஷமா உங்களுக்காக ஒரு ரூம் காலியா கிடக்கு. உங்க பிள்ளை தெருவுல நின்னு அழறார். எனக்குப் பாராட்டு வேணாம் அத்தை. ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிட்டுப் போங்க!”

அழுகையில் கடைசி வார்த்தைகள் சரியாக வந்தனவா என்றுகூடத் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த மாமா, “என் மீன்ல உப்பு சரியாத்தானே இருக்கு?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அத்தை எழுந்தார், கையைக் கழுவினார், மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். லாட்ஜிலிருந்து வீட்டுக்கு வரவேண்டியவர்களை ஊரைவிட்டே அனுப்பிவிட்டேன்.

வர்ணம்


ஏப்ரல் 28

அடிப்பாவி வர்ணம்,

நீ நன்றாக இருக்கிறாயா என்று முதலில் எழுது. ஆசிரியர் அறையில் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் பதறியது. எங்கள் சித்தி முன்னால் குரலை உயர்த்திய ஆள் இதுவரை பிறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

அவர்கள் நேற்றே ஊர் திரும்பியிருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. லாட்ஜுக்குப் போன் செய்தால், ரூமைக் காலி பண்ணிவிட்டார்கள் என்கிறான். எங்கே போனார்கள்? உங்கள் வீட்டுப் போன் வேறு கிடைக்கவில்லை. உடனே எழுது.

அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான்கு பேர்.

நான் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அதே நாள். கடையில் ஒரு வாடிக்கையாளர் சுவரிலிருந்து பெயர்த்த துண்டைக் கொண்டுவந்து, அதே பச்சை வேண்டும் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். டப்பாவைக் குலுக்கும் இயந்திரம் தடதடவென்று ஓடுகிறது. நிமிர்ந்தால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் அத்தை. பக்கத்தில் பெட்டி, பெட்டி மேல் மாமா உட்கார்ந்திருக்கிறார்.

இயந்திரம் நிற்கும்வரை அத்தை காத்திருந்தார். நின்றதும் ஆரம்பித்தார்.

“அந்த மீன் உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?”

‘உனக்கு’! ‘டி’! என் கையிலிருந்த பச்சை டப்பா மூடி கீழே விழுந்துவிட்டது.

“சொல்லாம கொள்ளாம கல்யாணத்தை முடிச்சு எங்களை வெளியாளா வெச்சது நீங்க. சரி, வெளியாளாவே இருந்துட்டுப் போறோம்னு, போட்டதைச் சாப்பிட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டிருந்தேன். வந்தவங்களுக்கு உப்பை அள்ளிப் போட்டுட்டு, ஏன் திட்டலைன்னு சண்டைக்கு வர்ற பொண்ணை நான் எங்கயும் பார்த்ததில்ல. ராத்திரி பூரா தண்ணி குடிச்சே வயிறு உப்பிப்போச்சு. இவரு வேற, ‘அவ சரியாத்தான் கேட்டா’ன்னு நொய் நொய்னு. அந்தக் கீரையைக் கடைஞ்ச லட்சணமும் பார்த்தேன், காம்பெல்லாம் அப்படியே கிடக்கு. சோறு வடிக்கிறப்ப மூடியைச் சாய்க்கத் தெரியுமா உனக்கு? நகத்துக்குள்ள இது என்ன, நீலமா? இந்தக் கையோடயா எம் பிள்ளைக்குச் சோறு போடுறே?”

வாடிக்கையாளர் தன் சுவர்த் துண்டை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்துவிட்டார். நான் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று தாரை தாரையாக அழுதேன். “அழுதது போதும், சாவியைக் குடு” என்றார். கொடுத்தேன்.

சாயங்காலம் உங்கள் தம்பி வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து, “செருப்பை ஒழுங்கா விடத் தெரியாதா? இத்தனை வருஷம் சொல்லியும் திருந்தலையே!” என்று குரல். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார், அண்ணி. எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

திட்டு இன்னும் நிற்கவில்லை. காதில் ரத்தம் வராத குறை. இப்போதுகூட, விளக்கு வெளிச்சம் போதாத இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நடக்கிறது.

ஆனந்தமாக,
உங்கள் வர்ணம்


மே 16

என் மூத்த பெண்ணுக்குச் சித்தி எழுதுவது.

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னேனே, தேய்க்க மாட்டாய், எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறது. முதல் வேலையாக என் தலையைப் பார்த்து, எப்போது இவ்வளவு நரைத்தது என்று கேட்டார். அந்த மனுஷனுக்குப் பார்வை வந்ததே தப்பு.

நீயும் இந்தப் பெண்ணும் எனக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போட்டு விளையாடியது எல்லாம் தெரிந்துவிட்டது. வந்து உன்னைக் கவனித்துக்கொள்கிறேன்.

இந்த வீடு இருக்கிற இருப்பை எழுதினால் தாள் போதாது. டப்பாக்களில் எது உப்பு, எது சர்க்கரை என்று அவளுக்கே தெரியாது, முகர்ந்து பார்த்துப் போடுகிறாள். துணியை உதறாமல் காயப்போடுகிறாள். கடையில் நாளெல்லாம் நிற்கிறாள், காலுக்கு ஒரு நல்ல செருப்பு இல்லை. மத்தியானம் சாப்பிடுவதில்லை, கேட்டால் கூட்டம் என்கிறாள். சாப்பாட்டை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே போனால் இவள் சாம்பல் நிறத்தில் ஒன்பது விதம் காட்டி எது எதென்று என்னைக் கேட்கிறாள், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, அவள் மட்டும் தூரத்திலிருந்தே சொல்கிறாள். ராத்திரி தூக்கத்தில் போர்வையை உதைக்கிறாள் என்று தம்பி சொல்கிறான். இப்படிப்பட்டவளை இவன் கையில் விட்டுவிட்டு எப்படி வருவது? அதனால் மழைக்காலம் முடியும்வரை இருந்துவிட்டு வருகிறோம். என் பெரிய பெட்டியையும், கீரை கடைகிற மத்தையும், சித்தப்பாவின் சாய்வு நாற்காலியையும் லாரியில் போட்டு அனுப்பு. நாற்காலியை அனுப்பினால் திரும்பி வரமாட்டோம் என்று நினைத்து அழாதே. அழுவாய், எனக்குத் தெரியும்.

நேற்று மேல்வீட்டு அம்மாள் இவள் செய்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, “உங்க மருமக கைமணமே தனி, ரொம்ப நல்லா இருக்கு” என்றாள். “அதையெல்லாம் நீங்க சொல்லலாம். நாங்க எப்படிச் சொல்ல முடியும்?” என்றேன்.

ஆசிகளுடன்,
சித்தி